வளர்ற புள்ளைக்கு ஒரு சைக்கிள்

கருக்கவலசில் எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, கல்வெட்டிலும் வெட்டி வைக்கவில்லை. ஆனால் காலுக்குச் சரியான அளவில் செருப்பு வாங்கிப் போட்டவனை ஊதாரி என்று சொல்லி அந்த ஊரில் பொண்ணு கொடுக்க யோசிப்பார்கள். "வளர்ற புள்ளைக்குப் பெருசாவே எடுத்துப் போடு" என்பார்கள், புள்ளைக்கு நாற்பது வயதாகி முன்மண்டையில் முடி கொட்டியிருந்தாலும். செருப்பின் நுனியில் பேப்பரைத் திணிப்பார்கள், பேண்ட்டின் காலை உள்ளே நாலு மடிப்பு மடித்துத் தைப்பார்கள், மோதிரத்துக்கு நூல் சுற்றுவார்கள், எல்லாம் பின்னால் உதவும் என்பார்கள். அந்தப் பின்னால் எப்போது வரும் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை.

மற்ற பிள்ளைகள் அந்தப் பெரிய சட்டைக்குள் காற்றோட்டமாகத் திரிந்துவிட்டு, சட்டை நைந்து கரித்துணியாகும்போது பாதி அளவுக்கு வளர்ந்து, ஊரை ஏமாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். வசந்தாமணியின் மகள் மோகனப்பிரியா மட்டும் சொன்னபடி கேட்கிற பிள்ளையாகப் பிறந்துவிட்டாள். அவளுக்கு எதைப் பெரிதாக எடுத்துக் கொடுத்தாலும், எடுத்த மூன்றாம் மாசத்துக்குள் அதற்குக் கச்சிதமாக வளர்ந்துவிடுவாள். ஆறாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புக்கும் சேர்த்து யூனிபாரம் எடுத்தார்கள். ஜூனில் அவளை உள்ளே வைத்துத் தேட வேண்டியிருந்தது, ஆகஸ்டு பதினைந்துக்குக் கொடி ஏற்றும்போது பாவாடை முழங்காலுக்குச் சரியாக நின்றது. செருப்பு பெரிதாக எடுத்தால் பாதம் நீண்டது. கையில் தொளதொளவென்று வாட்ச் கட்டிவிட்டால் மணிக்கட்டு எலும்பு அகன்று வாட்சைப் பிடித்துக்கொண்டது. நூல் மில்லுக்கு ஷிப்டு போய், புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்த வசந்தாமணிக்கு இதில் ஒரு கணக்குத்தான் புரிந்தது. "இத்தன வேகமா வளர்றவளுக்கு ஒரு சைஸ் பத்தாது, ரெண்டு சைஸ் பெருசா எடுக்கோணும்" என்று அடுத்த வருஷம் ரெண்டு சைஸ் பெரிதாக எடுத்தாள். மோகனப்பிரியா அதற்கும் வளர்ந்தாள்.

ஊர் இதற்கெல்லாம் வாய் பிளந்து நின்றது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. கருக்கவலசு எதையும் வீணாக்காத ஊர். பால் சொசைட்டித் தூணில் வருஷத்துக்கு இரண்டு தடவை அவளை நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டார்கள், கோடு ஐந்தே முக்கால் அடியைத் தாண்டிய வருஷம் பஞ்சாயத்து தன்னிடமிருந்த ஒரே ஏணியை ஏலம் விட்டுவிட்டது. அதற்கப்புறம் மாரியம்மன் நோன்புக்கு டியூப்லைட் மாட்டவும், வேப்பமரத்தில் சிக்கிய சேலையை எடுக்கவும், கரண்ட் கம்பியில் உட்கார்ந்த காக்காயை விரட்டவும், முருங்கைக்காய் பறிக்கவும், "மோகனாவைக் கூப்பிடுங்கப்பா" என்பதே ஊர் வழக்கமாயிற்று. வீட்டுக்குள் வரும்போது மட்டும் வாசக்காலைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "பாத்து கண்ணு, குனிஞ்சு வா. பழகிரும்." பதினைந்து வருஷமாகக் குனிந்து வந்தாள். ஒரு வீட்டிலாவது வாசக்காலை ஏற்றிக் கட்டலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, கட்டினால் சிமெண்டு செலவாகுமே.

பொண்ணு பார்க்க வந்தவர்களும் குறை சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போது லட்சணமாக இருப்பதாகச் சொன்னார்கள். காபித் தட்டோடு அவள் எழுந்து நின்றதும், மாப்பிள்ளைக்கு அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார்கள்.

படித்தாள், கால்நடை ஆய்வாளர் வேலையும் கிடைத்தது. மாட்டுக்கு ஊசி போடுகிறவள் என்பதால் ஊருக்கு அவள்மேல் பாசம் கூடிப்போயிற்று, அந்தப் பாசம்தான் அவளுக்கு எமனாக வந்தது. வேலை கிடைத்ததற்கு ஊரே சேர்ந்து ஆறேகால் அடிக் கட்டில் செய்து கொடுத்தார்கள். அவள் அப்போது ஆறடிக்கு ஒரு விரல் கம்மி. "எதுக்குங்க இத்தனை நீளம்" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அன்பாகக் கொடுப்பதை எப்படிப் பெரிசு என்று சொல்வது. படுத்தாள். மூன்றாம் மாசம் தலை ஒரு சட்டத்தையும் கால் ஒரு சட்டத்தையும் தொட்டது. தாய்மாமன் நல்லசிவம் தன் பங்குக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சுடிதார் எடுத்துக் கொடுத்தார், கடையில் இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து. "என்ற அக்கா தங்கச்சி வகையில இத்தன ஒசரத்துக்கு ஆளே கெடையாது, எல்லாம் என்ற கைராசி" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார். இருபத்தொன்பது வயதில் மோகனப்பிரியா ஆறடி நாலு அங்குலம் இருந்தாள், அதில் ஒரு அங்குலம்கூட அவள் கேட்டு வாங்கியது இல்லை.

ஒரு புரட்டாசி மாசம், எருமைக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே எருமைமேல் சாய்ந்துவிட்டாள். எருமை நல்ல எருமை, நகராமல் தாங்கிக்கொண்டது. தாராபுரத்தில் ஒரு டாக்டர் படமெடுத்து, படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடம்பு ஆறு நாலு. இதயம் அஞ்சு நாலுக்கானது." அவள் முழித்தாள். அவருக்கு ஆச்சரியமே இல்லை, தினம் பத்துப் பேர் இதே கோளாறோடு வருவதுபோலத்தான் பேசினார். "இதுவரைக்கும் சமாளிச்சிருக்கு. இன்னும் ஒரு அங்குலம் வளர்ந்தீங்கன்னா ரத்தம் தலைக்கு ஏறாது, நான் பொறுப்பில்ல. வளர்றதை நிறுத்துங்க, உப்பைக் கொறைங்க, தினம் சைக்கிள் ஓட்டி நெஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க. சைக்கிள் அளவா இருக்கணும், உடம்பை மடக்கியும் இழுத்தும் ஓட்டினா இருக்கறதும் போயிரும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள். எல்லாவற்றையும் ஊர் பெரிதாக வாங்கிக் கொடுத்தது, இதயத்தை மட்டும் யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை, அதனால் அது மட்டும் பிறந்தபடியே இருந்துவிட்டது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இனி ஒரு பொருள், ஒரே ஒரு பொருள் பெரிதாக வந்தாலும் முடிந்தது. மூன்று மாசம்.

சைக்கிள் என்று டாக்டர் சொன்னதும் அவள் மனசில் வந்தது ரேஸ் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராபுரம் ரோட்டில் திருப்பூர்க்காரர்கள் சிலர் ஒட்டின டிரஸ் போட்டுக்கொண்டு, ஆட்டுக்கொம்புபோல வளைந்த ஹேண்டிலைப் பிடித்து முதுகை நீட்டிப் பறந்து போவார்கள். அவர்களில் நெட்டையான ஒருத்தர் போவதை அவள் பல நாள் நின்று பார்த்திருக்கிறாள். அந்தச் சைக்கிளில் நீளம் ஒரு குறையாகத் தெரியாது, நீளம்தான் வேலையே செய்யும். தன் அளவுக்கு ஒரு பொருள் உலகத்தில் இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. சம்பளத்தில் ஒதுக்கி வைத்த இருபத்தாறாயிரம் ரூபாய் கையில் இருந்தது.

முதலில் ஊர்க் கடைக்குத்தான் போனாள். கடைக்காரர் வேலுச்சாமி ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "சீட்டை ஏத்திக்கலாம் அம்மிணி" என்றார். ஏற்றினார். இன்னும் ஏற்றினார். சீட்டுக் கம்பி முழுசாகக் கையோடு வந்துவிட்டது, திரும்பச் சொருகினார். அவள் ஏறி ஒரு சுற்றுப் போனாள். "ஹேண்டில்ல முட்டி இடிக்குதுங்க" என்றாள்.

"இடிக்கறப்ப சித்த அகட்டிக்கோணும்" என்றார் வேலுச்சாமி, பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோல.

சின்னப் பொருளுக்கு அவள் சுருங்குவாளா என்றால், சுருங்க மாட்டாள். கடவுள் அந்தப் பக்கத்துக்குக் கதவு வைக்கவில்லை.

கோயமுத்தூரில் ஏசி போட்ட ஷோரூமுக்குப் போனாள். அங்கே சைக்கிளைச் சைக்கிள் என்று சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள், பைக் என்று சொல்ல வேண்டுமாம். இருபத்தைந்தாயிரத்துக்கு ஒன்று பளபளவென்று நின்றது. "இது லார்ஜ் மேடம், எங்ககிட்ட இருக்கறதுலயே பெருசு, ஐம்பத்தாறு சென்டிமீட்டர் பிரேம்" என்றார் விற்பனைக்காரர். அதில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தபோது, மூன்று சக்கர வண்டியில் வாத்தியார் உட்கார்ந்தமாதிரி இருந்தது. "எனக்கு அளவா கெடைக்காதுங்களா?" என்று கேட்டாள். "ஏன் கெடைக்காது மேடம், கார்பன்ல வருது. மூணு லட்சத்துப் பத்தாயிரம். ஆறு மாசத்துல வரவழைச்சுத் தர்றோம்." உயரமாக இருக்கிறவர்கள் எல்லாம் பணக்காரர்கள் என்றும், குட்டையாக இருக்கிறவர்கள் எல்லாம் ஏழைகள் என்றும் அந்தக் கம்பெனிக்காரனுக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டாள், அது இலவசம்.

கடைசியில் உக்கடத்தில் ஒரு சந்துக்குள் அல்போன்ஸைக் கண்டுபிடித்தாள். பழைய சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டி விற்கிறவர், ஐந்தடிக்கும் கீழே, ஸ்டூல்மேல் நின்றுதான் வியாபாரமே செய்வார். அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, மற்றவர்கள் கேட்பதுபோல "எத்தனை அடி?" என்று அவர் கேட்கவில்லை. "கால் எவ்வளவு?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"அதானே. ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒசரத்தைச் சொல்லி சைக்கிள் கேக்கறது, எடையைச் சொல்லி மூக்குக்கண்ணாடி கேக்கற மாதிரி." ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியை எடுத்து அவளிடம் நீட்டினார். "செவுத்துல முதுகை ஒட்டி நில்லுங்க. செருப்பைக் கழட்டிருங்க. இதைக் கால் இடுக்குல நல்லா மேல ஏத்திப் புடிச்சுட்டு, அது செவுத்தைத் தொடற எடத்துல நீங்களே பென்சில்ல கோடு போடுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்." சொன்னபடி திரும்பிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தபடி நின்றார். தன்னைத் தூணில் நிறுத்தி ஊரே கூடிக் கோடு போட்டுப் பழகியவளுக்கு, தன் கையாலேயே கோடு போடுவது புதிதாக இருந்தது.

தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். அல்போன்ஸ் போனில் ஏதோ பெருக்கிப் பார்த்தார். அவள் கையை நீட்டச் சொல்லி அதையும் டேப்பில் அளந்தார். "அறுபத்தொண்ணு பிரேம். அறுபது இல்ல, அறுபத்திரெண்டும் இல்ல. தரையில நின்னா பார் கம்பிக்கும் உங்களுக்கும் ரெண்டு விரல் எடவெளி இருக்கணும். பெடல் கீழ போறப்ப முட்டி லேசா மடங்கியிருக்கணும், நட்டுக்குத்தா நிக்கக்கூடாது. அவ்வளவுதான், இதுக்கு மேல ஞானம் எதும் இல்ல."

மேலே கொக்கியில் இரண்டு சைக்கிள்கள் தொங்கின. ஊட்டி மலையைச் சைக்கிளில் ஏறிப் பார்த்துவிட்டு, போதுமடா சாமி என்று விற்றுவிட்டு விமானம் ஏறிய டச்சுக்கார அண்ணன் தம்பியுடையவை. அண்ணனுடையது அறுபத்து நாலு, தம்பியுடையது அறுபத்தொன்று. இரும்பு பிரேம், நீலக் கலர். தம்பியின் சைக்கிளை இறக்கி அவளை ஏற்றிப் பார்த்தார். சந்தின் முனைவரை போய்த் திரும்பினாள். முட்டி எதிலும் இடிக்கவில்லை. கை தேடிய இடத்தில் ஹேண்டில் இருந்தது. இறங்கவே மனசில்லாமல் இறங்கினாள்.

"முப்பத்தெட்டாயிரம்" என்றார் அல்போன்ஸ்.

"தை மாசம் வரைக்கும் வெச்சிருப்பீங்களா? சேத்துட்டு வந்துர்றனுங்க."

"அறுபத்தொண்ணை வேற யாரு வந்து கேக்கப்போறாங்க? ஆனைக்குச் செருப்பு வாங்க வர்றவங்க அத்தனை பேர்தான் இதுக்கும்."

இதோடு விட்டிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அவள் வீட்டில் சொன்னாள், வீடு மாமனிடம் சொன்னது, மாமன் பால் சொசைட்டியில் சொன்னார். நெஞ்சுக் கோளாறு என்றதும் ஊர் கலங்கிப்போனது, அதைப் பொய் என்று சொல்லக்கூடாது. அழுதவர்களும் உண்டு, டியூப்லைட்டை நினைத்தோ அவளை நினைத்தோ. "நம்ம புள்ள சைக்கிளுக்காகத் தை வரைக்கும் காத்திருக்கறதா?" என்று நல்லசிவம் துண்டை உதறிப் போட்டார். பால் ஊற்றுகிற ஒவ்வொரு வீடும் கொடுத்தது. அவள் வடக்கே கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு மூன்று வாரம் போயிருந்த சமயம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் வாங்கிவந்து அசத்திவிட வேண்டும் என்று நல்லசிவமும் சொசைட்டி செகரட்ரி சின்னராசுவும் டெம்போ எடுத்துக்கொண்டு உக்கடம் போனார்கள்.

அங்கே நடந்ததை அல்போன்ஸ் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு சைக்கிளையும் இறக்கிக் காட்டினாராம். "ரெண்டும் என்ன வெலைங்க?" என்று கேட்டாராம் நல்லசிவம்.

"ரெண்டும் ஒரே வெலைதான். உங்க பொண்ணுக்கு இது, அறுபத்தொண்ணு."

"அது?"

"அது அறுபத்து நாலு. அது அவங்களுக்கு ஆகாது."

நல்லசிவமும் சின்னராசுவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்களாம். ஒரே விலைக்குப் பெரிசு கிடைக்கும்போது சின்னதை எடுக்கிற முட்டாள் கருக்கவலசில் இதுவரை பிறக்கவில்லை. அதிலும் இரும்பு மூன்று சென்டிமீட்டர் அதிகம். டாக்டர் வளரக்கூடாது என்று சொல்லியிருப்பது அவர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும், அதை எண்ணித்தான் பணமே வசூலித்தார்கள். ஆனால் கடைக்குள் கால் வைத்ததும் நாற்பது தலைமுறைப் பழக்கம் வந்து மூளையின் வாசலில் உட்கார்ந்துகொண்டது. "வளர்ற புள்ளைங்க" என்றாராம் நல்லசிவம். "பெருசையே போட்டுருங்க."

ஐப்பசி வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கிய மோகனப்பிரியாவைத் தப்பட்டை அடித்து வரவேற்றார்கள். பால் சொசைட்டி முன்னால் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நெற்றிப்பொட்டுக்குச் சந்தனமும் வைத்து நின்றது சைக்கிள். நீலக் கலர். அவள் ஓடி வந்தாள், பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். மாட்டைப் பார்த்தே எடை சொல்கிற கண் அது. கிட்டே வந்து காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். இரண்டு விரல் இடைவெளி இல்லை. நுனிக்காலில்தான் நிற்க முடிந்தது.

அண்ணனுடைய சைக்கிள்.

ஊர் முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காலில் செருப்பில்லாத கிழவிகூடக் காசு கொடுத்திருந்தாள். ஏறி ஓட்டினால் போதும், எல்லோரும் கை தட்டுவார்கள், மூன்று மாசத்தில் சரியாகிவிடும், அவளுக்கு எல்லாமே அப்படித்தான் சரியாகியிருக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் காதிலேயே கேட்டது, அஞ்சடி நாலு அங்குலத்து நெஞ்சு.

"பெருசா இருக்குதுங்க மாமா" என்றாள்.

தப்பட்டை நின்றது. கருக்கவலசு உண்டான நாளிலிருந்து அந்த ஊரில் யாரும் சொல்லியிராத வார்த்தை அது. சின்னது என்று சண்டை போட்டிருக்கிறார்கள், பத்தாது என்று வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிசு என்று ஒருத்தர் குறை சொல்லிக் கேட்டதில்லை.

"பெருசுன்னா நல்லதுதானே கண்ணு" என்றார் சின்னராசு, புரியாமல்.

"எனக்கு வேண்டாமுங்க. எனக்குன்னு அளவா ஒண்ணு அங்க இருந்துச்சு."

நல்லசிவத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மிணி, ஊரே சேந்து வாங்கியாந்திருக்குது, முகத்துல அடிச்ச மாதிரிப் பேசற. எல்லாம் தை வந்தாச் செரியாப் போயிரும்."

ஆரத்தித் தட்டோடு நின்றிருந்த வசந்தாமணி இதைக் கேட்டாள். தை வந்தால் சரியாகப் போய்விடும். இருபது வருஷமாகத் துணிக்கடையிலும் செருப்புக்கடையிலும் அவளே சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் அது என்ன சொல்கிறது என்று அவள் காதில் விழுந்தது. தட்டைத் தரையில் வைத்தாள். கற்பூரம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, புள்ள வேண்டாங்குதல்ல. தை வந்தா அவ இருக்கமாட்டா" என்றாள்.

"அப்ப இத்தன காசும் வீணா?"

"வீணாப் போக வேண்டாம். நீங்களே ஓட்டுங்க."

"ஓட்டறேன்" என்றார் நல்லசிவம், ரோஷத்தில். ஐந்தடி நாலு அங்குல மனுஷன், மதில்மேல் ஏறி நின்று அங்கிருந்து சீட்டில் குதித்து, பெடல் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். ஊர் கலைந்தது. மாலையை மட்டும் யாரோ மாட்டுக்குப் போட்டார்கள், அதுவும் வீணாகக்கூடாதே.

மறுநாள் காலையில் தாயும் மகளும் கோயமுத்தூர் பஸ் ஏறினார்கள். பல்லடம் தாண்டியது. வசந்தாமணி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "வருசா வருசம் வாங்கறதுக்கு வழியில்ல கண்ணு. அதுக்குத்தான் பெருசா எடுத்தேன். நீ இப்படி ஒவ்வொண்ணுக்கும் வளந்துட்டே வருவேன்னு நான் கண்டனா? நாந்தான் உன்னை இழுத்து இழுத்து வெச்சுட்டேன்." மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் முன்சீட்டில் அழுந்தியிருந்தன.

அல்போன்ஸ் கடையில் அறுபத்தொன்று தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி நிறுத்தினார். வசந்தாமணி அதை நாலு பக்கமும் சுற்றி வந்தாள், சீட்டை அமுக்கினாள், பார் கம்பியைச் சுண்டிப் பார்த்தாள். மகளை ஏறி நிற்கச் சொல்லி, நடுவில் தன் இரண்டு விரலை வைத்து அளந்தாள்.

"இவளுக்கு இது செரியா இருக்குமுங்களா?"

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"இவ இன்னும் வளந்தா?"

அல்போன்ஸ் தயங்கினார். எத்தனை தாய்மார்களைப் பார்த்தவர், இந்தக் கேள்விக்கு அப்புறம் எல்லோரும் பெரிசுக்குத்தான் கை நீட்டுவார்கள். இருந்தாலும் பொய் சொல்ல மனசு வரவில்லை. "வளந்தா பத்தாதுங்கம்மா. வீணாத்தான் போகும்."

"அப்ப இதையே குடுங்க" என்றாள் வசந்தாமணி.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். விலை பேசும்போது இருபத்தாறாயிரத்துக்கே சரி என்றார். ஆறு வருஷமாகக் கொக்கியில் தொங்கின அறுபத்து நாலைத் தாய்மாமன் வந்து தூக்கிக்கொண்டு போனாரே, அந்தச் சந்தோஷம் ஒன்று போதும் என்றார்.

அன்றிலிருந்து தினம் காலையில் மோகனப்பிரியா தாராபுரம் ரோட்டில் போனாள். முதல் வாரம் ஐந்து மைலுக்கே மூச்சு வாங்கியது, இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று அதனிடம் சொல்வாள். கார்த்திகையில் பத்து மைலாயிற்று. மார்கழிப் பனியில் அந்த நெட்டை திருப்பூர்க்காரரைப் பின்னாலிருந்து பிடித்து, மணியடித்து, தாண்டிப் போனாள். அவள் உடம்பில் எதுவும் எதிலும் இடிக்கவில்லை. அப்படி ஒரு நாள் அவளுக்கு அதுவரை இருந்ததே இல்லை, சந்தோஷத்தில் ரோடு பூராவும் தனியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள், குரல் மட்டும் யாருக்கும் அளவாக இல்லை.

மார்கழிக் கடைசி வாரம் பால் சொசைட்டித் தூணில் நிறுத்திப் பார்த்தார்கள். கோடு பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. டாக்டர் படத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, உப்பைக் கொறைச்சீங்களா?" என்று கேட்டார். குறைத்தேன் என்றாள்; பாவம், அவருக்கும் ஏதாவது கிடைக்கட்டும்.

தூணை விட்டு அவள் நகர்ந்ததும், சும்மா ஒரு பேச்சுக்கு நல்லசிவத்தையும் நிறுத்தினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று நழுவினார். கார்த்திகையிலேயே வேட்டி கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, சலவைக்காரர் சுருக்கிவிட்டார் என்று சண்டைக்குப் போனார். மார்கழி பிறந்ததும் பெடல் எட்டியது. தினமும் வைராக்கியமாக ஓட்டிய மனுஷன், இப்போது மதில் இல்லாமலே தரையில் நின்று காலைத் தூக்கிப் போடுகிறார், பார் கம்பிக்கும் அவருக்கும் சரியாக இரண்டு விரல் இடைவெளி. கோடு, மோகனப்பிரியாவின் கோட்டுக்கு மேலே மூன்று அங்குலம் தள்ளி விழுந்தது. மகிமை பிள்ளையிடம் இல்லை, பெரிசாக வாங்குவதில்தான் இருக்கிறது என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன செய்ய, ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நெஞ்சு எப்படி என்று கேட்டார்கள். எருமைக்கு இருப்பதுபோல இருக்கிறது என்று தாராபுரத்தில் சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் சரி என்று, மாரியம்மன் கோயில் டியூப்லைட்டுக்கு அன்று சாயங்காலமே அவரைக் கூப்பிட்டார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள், தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டு வந்தார் நல்லசிவம். ஒரு கையில் கரும்பு, ஒரு கையில் பச்சரிசியும் வெல்லமும் துணியும் வைத்த தட்டு. ரோஷமெல்லாம் வடிந்து, ராசியாகப் போகலாம் என்றுதான் சிரித்துக்கொண்டே படியேறினார். படியேறின வேகத்தில் வாசக்காலில் நெற்றி மடாரென்று இடித்தது. வெல்லம் உருண்டது. கரும்பைக் கீழே போட்டுவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"என்ன வசந்தா இது, வாசக்காலை இத்தன கீழ வெச்சிருக்கீங்க" என்றார், வலியில் கண் கலங்க. "ஒரு மனுசன் எப்படி உள்ள வர்றது? ஏத்திக் கட்டோணும்."

உள்ளே சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மோகனப்பிரியா எழுந்தாள். தன் தலைக்கு நேரே இருந்த அந்தக் கட்டையை, அதில் பதினைந்து வருஷமாகத் தன் நெற்றி பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்த இடத்தை, கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மாமன் கையிலிருந்த தட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"பாத்துங்க மாமா, குனிஞ்சு வாங்க" என்றாள். "பழகிரும்."